அட் குறிக்கு இடப்பக்கம்

(கல்லூரி மாணவர்கள், கணினி ஆசிரியர்கள், சிறு நிறுவனங்களின் அஞ்சல் சர்வர்களைப் பராமரிப்பவர்கள் ஆகியோர் கூடியிருந்த விழுப்புரம் அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எழிலரசி என்ற பெயருடையவர் யாராவது இந்த அரங்கில் இருந்தால், நான் முதலில் சொல்லப்போவது அவருக்குப் புதிய செய்தியாக இருக்காது. மதிப்பெண் பட்டியலில் அவர் பெயரை 'இசட் எச்' போட்டு எழுதியிருப்பார்கள். ஆதார் அட்டையில் வெறும் 'எல்' இருக்கும். வங்கிப் புத்தகத்தில் தனி 'இசட்'. மூன்றும் ஒரே ஆள்தான் என்று காட்ட, நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு அலைந்திருப்பார். மின்னஞ்சலில் அந்த வழியும் கிடையாது. ஓர் எழுத்து மாறினால் கடிதம் முன்பின் தெரியாத இன்னொரு எழிலரசிக்குப் போய்விடும். அப்படி ஒருவர் இல்லையென்றால் திரும்பி வந்துவிடும்.

நம் ஊருக்கும் இதே கதிதான். மாவட்ட நிர்வாகத்தின் இணையதள முகவரியில் ஒரு 'எல்', இரண்டு 'பி'. ரயில்வேயிடம் இரண்டு 'எல்', ஒரு 'பி'. 'ழ' வந்தால் 'இசட் எச்' வேண்டுமே என்று அப்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழில் எழுதும்போது இந்தக் குழப்பம் எதுவும் வருவதில்லை. சின்னப்பிள்ளையும் விழுப்புரம் என்று பிழையில்லாமல் எழுதிவிடும்.

மின்னஞ்சல் முகவரியையே தமிழில் வைத்துக்கொள்ள முடியுமா, நாமே நடத்தும் அஞ்சல் சர்வரில் அது வேலை செய்யுமா என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். முடியும். அதற்கான விதிகள் 2012 பிப்ரவரியிலேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டன. ஆர்எஃப்சி 6530 முதல் 6533 வரையிலான நான்கு ஆவணங்களில் அவை இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளாகியும் நம் கைக்கு வந்து சேரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. அது எங்கே தடைபட்டு நிற்கிறது என்று காட்டுகிறேன். தடையில் ஒரு பகுதியை விலக்குவது இந்த அரங்கில் இருப்பவர்களின் கையில்தான் இருக்கிறது.

இது தமிழுக்கு மட்டுமான தொல்லை இல்லை. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், ஊர் எல்லைக்குச் சற்று முன்னால் ஆரோவில்லுக்குப் பிரியும் வழி வருகிறது. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பட்ட அந்த நகரின் பெரும்பகுதி நம் மாவட்டத்து வானூர் வட்டத்தில்தான் இருக்கிறது. பல நாட்டவர் அங்கே குடியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சதூரம் போனால் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கும் புதுச்சேரி. பிரெஞ்சுப் பெயர்களில் 'ஈ' எழுத்தின் தலையில் சாய்கோடு வரும், 'சி'யின் அடியில் வால் வரும். ஜெர்மானியப் பெயர்களில் உயிரெழுத்தின் மேல் இரட்டைப் புள்ளி வரும். அந்த மனிதர்களும் மின்னஞ்சல் முகவரியில் மட்டும் சாய்கோட்டையும் வாலையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் எழுதிவருகிறார்கள். அவர்களுக்காவது அடிப்படை எழுத்து மிஞ்சுகிறது. நமக்குப் பெயர் முழுவதையுமே வேறு எழுத்துக்கு மாற்றவேண்டியிருக்கிறது.

ஏன் இப்படி ஆனது? 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டெல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற ஆவணம்தான் இன்றைய அஞ்சல் பரிமாற்றத்துக்கு அடிப்படை. அது சார்ந்திருந்த அஸ்கி என்ற எழுத்து அட்டவணையில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள், சில கட்டளைக் குறிகள் ஆகியவற்றோடு அது நிறைந்துவிட்டது. 1992-இல் மைம் என்ற ஏற்பாடு வந்தபிறகு கடிதத்தின் உள்ளே எந்த மொழியிலும் எழுத முடிந்தது. பொருள் வரியிலும் அனுப்புநர் பெயரிலும் தமிழ் வந்தது. உறையின் மேல் எழுதும் முகவரி மட்டும் அஸ்கியிலேயே நின்றுவிட்டது.

முகவரியில் அட் குறிக்கு வலப்பக்கம் இருப்பது டொமைன். அதற்கு முதலில் விடிவு வந்தது. 1996-இல் மார்ட்டின் டூர்ஸ்ட் ஒரு வரைவை முன்வைத்தார். 1998-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீயின் குழு அதைச் செயல்படுத்திக் காட்டியது. அவர் தமிழுக்கு அந்நியர் அல்லர். தமிழ் இணையத்தின் முன்னோடியான நா. கோவிந்தசாமியோடு சேர்ந்து வேலை செய்தவர். பிறகு 2003-இல் ப்யூனிகோடு என்ற மாற்றுமுறை தரப்படுத்தப்பட்டது. தமிழ் டொமைன் பெயரை அது 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு கோடுகள் போட்ட அஸ்கி சரமாக மாற்றிவிடும். பழைய டிஎன்எஸ் சர்வர்கள் எதையும் தொடாமலே .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்ற மூன்று தமிழ் டொமைன்களும் இன்று புழங்குவது இந்த வழியில்தான்.

இடப்பக்கத்துக்கு இந்த உபாயம் செல்லாது. மின்னஞ்சலின் விதிப்படி, அட் குறிக்கு இடப்பக்கம் என்ன எழுதியிருந்தாலும், அதற்குப் பொருள் சொல்லும் உரிமை கடிதத்தைக் கடைசியாக வாங்கி வைக்கும் சர்வருக்கு மட்டுமே உண்டு. நடுவில் இருப்பவர் யாரும் அதைத் திருத்தவோ மாற்றி எழுதவோ கூடாது. சாய்கோடு போட்ட 'ஈ'யும் வெறும் 'ஈ'யும் ஒரே ஆளா என்று ஜிமெயில் முடிவு செய்ய முடியாது. அந்தப் பெட்டி இருக்கும் சர்வர்தான் சொல்லவேண்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நமக்குப் பெரிதும் உதவப்போவது இதுதான்.

ஆகவே 2012-இன் விதிகள் வேறு வழியைப் பிடித்தன. இடப்பக்கத்தை எந்த மாற்றமும் செய்யாமல் யூடிஎஃப்-8 வடிவத்தில் அப்படியே அனுப்புவது என்று முடிவானது. இரண்டு அஞ்சல் சர்வர்கள் சந்தித்தவுடன் வணக்கம் சொல்லிக்கொள்ளும். அப்போது வாங்கும் சர்வர் தனக்கு என்னென்ன தெரியும் என்று பட்டியல் போடும். அந்தப் பட்டியலில் எஸ்எம்டிபி-யூடிஎஃப்8 என்ற சொல் இருந்தால் தமிழ் முகவரிக் கடிதத்தைக் கொடுக்கலாம். இல்லாவிட்டால் கொடுக்க வழியில்லை, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். 2008-இல் வந்த சோதனை விதிகளில், அடுத்த சர்வருக்குத் தெரியாவிட்டால் பக்கத்தில் எழுதியிருக்கும் அஸ்கி முகவரிக்கு இறங்கிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. நடைமுறையில் அது சிக்கலையே கூட்டியதால் 2012-இல் எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவு கடுமையானது. அனுப்புபவரின் செயலி, அவருடைய சர்வர், நடுவில் நிற்கும் ஸ்பேம் வடிகட்டி, வாங்குபவரின் சர்வர், பெட்டியைக் காக்கும் மென்பொருள் ஆகிய ஐந்தும் ஒத்துக்கொள்ள வேண்டும். நான்கு ஒத்துக்கொண்டு ஒன்று மறுத்தாலும் கடிதம் போய்ச் சேராது.

பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. 2014 ஆகஸ்டிலேயே ஜிமெயில் இத்தகைய முகவரிகளுக்கு அனுப்பவும் அவற்றிலிருந்து வாங்கவும் தொடங்கியது. ஆனால் தமிழில் முகவரி கேட்டால் அது தருவதில்லை. 2016-இல் ஜெய்ப்பூர் நிறுவனம் ஒன்று டேட்டாமெயில் என்ற பெயரில் இந்திய மொழி முகவரிகளை வழங்கியது. ராஜஸ்தான் அரசு இந்தி முகவரிகளைக் கொண்டுவந்தது. சொந்தமாகச் சர்வர் நடத்துபவர்களிடையே மிகவும் புழங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளுக்கு 2015 பிப்ரவரியில் வெளியான 3.0 பதிப்பில் இந்தத் திறன் வந்தது. அதற்கான தொடக்க நிரலை எழுதியவர் ஆர்ன்ட் குல்பிராண்ட்சன், அதற்குப் பணம் கொடுத்தது சீனாவின் இணையப் பெயர்ப் பதிவகம். தம் மொழிக்கு வேண்டியதை அவர்கள் கட்டற்ற மென்பொருளில் எழுதவைத்தார்கள், நமக்கும் சேர்த்துக் கிடைத்துவிட்டது. வீ.ஜி.எல்.யூ.ஜி. என்று நாம் அழைக்கும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைச் சொல்லித்தரும் ஊர் இது. அந்த அருமையை இங்கே நான் விளக்க வேண்டியதில்லை.

இனி ஒரு நிகழ்ச்சி. இந்த வட்டாரத்து நிறுவனம் ஒன்றில், வெளியூர்க் கடிதங்கள் சில வராமல் போகின்றன, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். சிறிய லினக்ஸ் சர்வர். வாசலில் போஸ்ட்ஃபிக்ஸ், உள்ளே பெட்டிகளைக் காக்க டவ்காட். இரண்டுக்கும் நடுவே எல்எம்டிபி என்ற சின்ன இணைப்பு. லாக் கோப்பைத் திறந்து பார்த்தோம். ஜிமெயிலிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் மகிழ்ச்சியாக வாங்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த வரியில், எஸ்எம்டிபி-யூடிஎஃப்8 வேண்டும், ஆனால் எதிர்முனை அதைத் தரவில்லை என்ற செய்தி. பக்கத்தில் 5.6.7 என்ற எண். எதிர்முனை வேறு எதுவுமில்லை, அதே சர்வருக்குள் ஓடும் டவ்காட்தான். வாசல்வரை வந்த கடிதத்தைத் திண்ணையிலேயே வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இதற்கு எல்லோரும் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்புக் கோப்பில் அந்தத் திறனை 'நோ' என்று எழுதி அணைத்துவிடுவது. ஒரு வரி, ஒரு ரீஸ்டார்ட், பிழைச் செய்தி போய்விடும். சாதாரண முகவரியிலிருந்து வரும் கடிதங்கள் அதன்பிறகு ஒழுங்காக வரும், ஏனென்றால் அனுப்பும் சர்வர் பொருள் வரியையும் அனுப்புநர் பெயரையும் பழைய மைம் முறையில் குறியேற்றி அனுப்பிக்கொள்ளும். ஆனால் தமிழிலோ பிரெஞ்சிலோ முகவரி வைத்திருப்பவர் அந்த நிறுவனத்துக்கு இனி எழுதவே முடியாது. அவர் எழுதிப் பார்த்ததும் நிறுவனத்துக்குத் தெரியவராது, லாக்கிலும் முகவரி பதிவாகாது. நிர்வாகியைக் குறை சொல்லவில்லை. அவசரத்தில் கடிதம் வந்தால் போதும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அணைக்காமலே சரிசெய்ய முடியும் என்பதைச் சொல்லியாக வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸே கடிதத்தை நேரடியாகப் பயனரின் மெயில்டிர் கோப்புறையில் இறக்கும்படி வைத்துவிட்டால், நடுவில் இருக்கும் எல்எம்டிபி பேச்சுவார்த்தையே தேவையில்லை. டவ்காட் அந்தக் கோப்புறையை எடுத்துப் பயனருக்குக் காட்டும். இந்தத் திறனைச் சேர்த்துக்கொண்ட புதிய டவ்காட் பதிப்புக்கு மாறுவது இன்னும் நல்லது.

உங்களிடம் சர்வர் இருந்தால் முதல் வேலை தமிழ் முகவரி கொடுப்பதல்ல. பிறருடைய தமிழ் முகவரிகளிலிருந்து வாங்கவும் அவற்றுக்கு அனுப்பவும் சர்வரைத் தயாராக்குவது. இதை அழுத்தமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஆர்வத்தில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கதவைத் திறந்துவைத்த சர்வர்கள் பெருகினால்தான் ஒருவர் தமிழ் முகவரியை நம்பி விசிட்டிங் கார்டில் அச்சிட முடியும். நிலையான ஐ.பி. எண், எஸ்பிஎஃப், டிகிம் போன்ற வழக்கமான ஏற்பாடுகள் இதற்கும் வேண்டும். பன்மொழி முகவரிகளுக்கு அவற்றை எப்படிப் பொருத்துவது என்று 2019-இல் வந்த ஆர்எஃப்சி 8616 சொல்கிறது. டொமைனும் தமிழில் இருந்தால், அமைப்புக் கோப்புகளில் தமிழ் வடிவத்தையும் எக்ஸ்என் வடிவத்தையும் இரண்டையுமே எழுதிவையுங்கள்.

அதன்பிறகுதான் நம் சொந்த முகவரிகள். இங்கேதான் தமிழுக்கே உரிய நுணுக்கங்கள் வருகின்றன, வெளிநாட்டுக் கையேடுகளில் இவை கிடைக்கா.

கோமதி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 'கோ'வில் இருக்கும் ஓகாரக் குறிக்கு யூனிகோடில் தனி எண் இருக்கிறது. அதே குறியை ஏகாரக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு பைட்டுகள், அதாவது வெவ்வேறு ஆட்கள். பழைய எழுத்துரு ஆவணங்களை மாற்றித்தரும் மென்பொருள்களிலிருந்தும் சில விசைப்பலகைகளிலிருந்தும் இரண்டாவது வடிவம் வந்துகொண்டிருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களின் சாய்கோடு போட்ட 'ஈ'க்கும் இதே இரட்டை வாழ்க்கைதான். ஒரே குறியாகவும் இருக்கும், வெறும் எழுத்தும் அதன்மேல் ஒட்டிய சாய்கோடுமாகவும் இருக்கும். இதற்கு மருந்து என்எஃப்சி என்ற இயல்பாக்க முறை. பெட்டிப் பெயர்களைப் பதிவதற்கு முன் எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பிரிந்த வடிவத்துக்கு ஒரு மாற்றுப்பெயரும் எழுதிவையுங்கள்.

என்எஃப்சியால் தீராதவையும் உண்டு. கௌரியை எழுதும்போது ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் தட்டுபவர்கள் ஏராளம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அது 'கெ', 'ள', 'ரி'. ஸ்ரீதர் என்ற பெயரில் வரும் 'ஸ்ரீ' இன்னும் சங்கடமானது. வழக்கமான 'ஸ'வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். இயல்பாக்க விதி இவற்றை ஒன்றாக்காது.

இங்கேதான் நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விதி கைகொடுக்கிறது. இடப்பக்கத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை கடைசிச் சர்வருக்கு. அந்தக் கடைசிச் சர்வர் உங்களுடையது. ஆகவே கௌரியின் இரண்டு எழுத்து வடிவங்களும், ஸ்ரீதரின் இரண்டு வடிவங்களும் ஒரே பெட்டிக்குத்தான் என்று நீங்களே எழுதிக்கொள்ளலாம். மாற்றுப்பெயர்க் கோப்பில் ஆளுக்கு இரண்டு மூன்று வரி கூடும், அவ்வளவுதான். பெரிய நிறுவனத்தில் பெட்டி வாங்கினால் இதை யாரும் உங்களுக்காகச் செய்யமாட்டார்கள். தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் சர்வரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் இது நடக்கும். சொந்தச் சர்வர் நடத்துங்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்லிவருவதற்கு முதன்மையான காரணம் இது.

நீளத்தையும் கவனியுங்கள். இடப்பக்கத்துக்கு 64 பைட் எல்லை. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிக்கும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். ஆக 21 குறிகளுக்குமேல் இடமில்லை. விழுப்புரம் 33 பைட், திண்டிவனம் 30 பைட், தாராளமாக அடங்கும். மீனாட்சிசுந்தரம் 48 பைட். மீனாட்சிசுந்தரம்பிள்ளை என்று சேர்த்து எழுதினால் 66 பைட், எல்லையைத் தாண்டிவிடுகிறது. உ.வே.சா.வின் ஆசிரியர் பெயருக்கே இடம் போதவில்லை பாருங்கள். இனிஷியலைச் சேர்க்கும்போதும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஏமாற்றுக்காரர்களுக்கு வழி திறந்துவிடக்கூடாது என்பதும் முக்கியம். தமிழ் எண்களில் ௧ பார்வைக்கு 'க' மாதிரி இருக்கும். ௨ அப்படியே 'உ'. ௭ அப்படியே 'எ'. ௮ அப்படியே 'அ'. அலுவலர் ஒருவரின் முகவரியில் 'உ'வை எடுத்துவிட்டு ௨ வைத்து இன்னொருவர் பெட்டி திறந்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே முகவரியில் தமிழ் எண்களை அனுமதிக்காதீர்கள், வழக்கமான 1, 2, 3 போதும். ஒரே பெயருக்குள் தமிழையும் வேறு எழுத்தையும் கலக்கவும் விடாதீர்கள். சந்தேகத்துக்கிடமான கலப்புகளை மறுப்போம் என்று ஜிமெயில் 2014-இலேயே அறிவித்தது. அது நியாயமான முடிவு.

அப்படியானால் அஸ்கி முகவரியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். திண்டிவனம் ரயில் நிலையப் பலகையில் ஊர்ப்பெயரைத் தமிழில் படித்துத்தான் நாம் இறங்குகிறோம். ரயில்வேயின் கணினிக்கு அந்த ஊர் டிஎம்வி என்ற மூன்று ஆங்கில எழுத்து. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் நிலக்கடலை ரகங்களும் டிஎம்வி 2, டிஎம்வி 7 என்றே அழைக்கப்படுகின்றன. விழுப்புரம் சந்திப்புக்கு வி.எம். என்ற குறி. பலகையும் குறியும் ஒன்றுக்கொன்று பகையில்லாமல் இத்தனை காலம் இருந்துவருகின்றன. அதுபோல ஒவ்வொரு தமிழ் முகவரிக்கும் பின்னால் ஓர் அஸ்கி மாற்றுப்பெயர் இருக்கட்டும். உள்நுழையும் பெயராகவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தை வாங்கத் தெரியாத சர்வருக்கு எழுத நேர்ந்தால் அந்த முகவரியிலிருந்து எழுதுங்கள். தமிழ் முகவரியிலிருந்து அனுப்புவதற்கு மின்னஞ்சல் செயலியும் ஒத்துழைக்க வேண்டும், எல்லாச் செயலிகளும் இன்னும் ஒத்துழைப்பதில்லை.

இணையப் படிவங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேர்க்கை விண்ணப்பம், தேர்வுக் கட்டணம், குறைதீர் மனு என்று எங்கே போனாலும் மின்னஞ்சல் என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் தமிழ் முகவரியைப் போட்டால் செல்லாத முகவரி என்று சிவப்பில் வருகிறது. சர்வரில் எந்தக் குறையும் இல்லை. யாரோ எழுதிய ஒரு வரிச் சரிபார்ப்பு விதி அஸ்கியைத் தவிர வேறெதையும் அறியாது. உலாவிகளில் மின்னஞ்சலுக்கென்று இருக்கும் கட்டமும் அதே கணக்கில்தான் வடிவமைக்கப்பட்டது. கல்லூரிப் புராஜெக்டாக இணையதளம் செய்யும் மாணவர்கள் இங்கே நிறைய இருக்கிறீர்கள். அந்தக் கட்டத்தைச் சாதாரண எழுத்துக் கட்டமாக வையுங்கள், நடுவில் ஓர் அட் குறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், மற்றதை ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் அனுப்பித் தெரிந்துகொள்ளுங்கள். தரவுதளமும் முழுக்க யூடிஎஃப்-8 வடிவத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் எழிலரசி என்று பதிந்த பெயர் திரும்பி வரும்போது, சாய்கோடு போட்ட 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாக வரிசை கட்டி நிற்கும். நம் தமிழ்க் கோப்புகள் அப்படிச் சிதைந்து கிடப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

கடைசியாக, பெட்டிகளைத் திறக்கும் நாளில் செய்யவேண்டியது. மாணவர் பட்டியலை வாங்கி, ஆங்கில எழுத்துக்கூட்டலை நீங்களாக முடிவு செய்து மொத்தமாக ஏற்றிவிடாதீர்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு அவர் பெயரை அவர் கையாலேயே தமிழில் தட்டச்சிடச் சொல்லுங்கள். அதை என்எஃப்சிக்கு மாற்றிப் பதியுங்கள். பிறகு அஸ்கி மாற்றுப்பெயருக்கு 'இசட் எச்' வேண்டுமா, 'எல்' போதுமா என்று அவரிடமே கேளுங்கள். மதிப்பெண் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே வேண்டும் என்று பலர் சொல்வார்கள், அப்படியே கொடுங்கள். ஒரே வகுப்பில் மூன்று கோமதிகள் இருந்தால், ஊர்ப்பெயரைச் சேர்ப்பதா, இனிஷியலைச் சேர்ப்பதா என்பதை அந்த மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சர்வர் வைத்திருப்பவர்கள் லாக் கோப்போடு வந்திருந்தால் சேர்ந்தே பார்க்கலாம்.